மூலதனத்தை முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு மாணவர் கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' நூலின் முதல் தொகுதியைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதல் அத்தியாயத்தின் நடுவோடு பென்சில் கோடுகள் நின்றுபோயிருந்தன. "எனக்கு இதெல்லாம் ஏறாது சார்." பொருளாதாரச் சிந்தனை வரலாறு நடத்துகிற நான் ஆண்டுதோறும் இதைக் கேட்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. உங்கள் மூளைக்கு ஒன்றுமில்லை, தொடங்கிய இடம்தான் தப்பு.

பெரிய நூலை முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் படிப்பவர்தான் நல்ல வாசகர் என்று யாரோ பிள்ளைகள் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். மார்க்ஸே அப்படிச் சொல்லவில்லை. முதல் அத்தியாயம்தான் மிகக் கடினம் என்று முன்னுரையிலேயே எச்சரித்திருக்கிறார். 1867இல் நூல் வெளிவந்ததும் நண்பர் கூகல்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கூகல்மனின் மனைவிக்கு எளிதாக இருக்கும் பகுதிகள் என்று அதில் அவர் காட்டியவை வேலைநாள், கூட்டுழைப்பு, உழைப்புப் பிரிவினை, இயந்திரங்கள், கடைசியாக ஆதித் திரட்டல் (முதலாளிகள் கையில் முதன்முதலில் மூலதனம் சேர்ந்த கதை). சரக்கு பற்றிய முதல் அத்தியாயம் அதில் இல்லவே இல்லை! எழுதியவரே திறந்துவைத்த வழி இருக்க, நீங்கள் ஏன் சுவரில் முட்டுகிறீர்கள்?

வேலைநாள் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். இங்கிலாந்தின் மண்பாண்டத் தொழிலில் ஒரு சிறுவன். ஏழு வயது பத்து மாதத்தில் வேலைக்கு வந்தவன். அச்சில் வார்த்த பாண்டங்களை உலர்த்தும் அறைக்குத் தூக்கிப்போய், காலி அச்சுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். காலை ஆறு மணிக்கு வந்தால் விட இரவு ஒன்பது ஆகும். உபரி மதிப்பு (கூலிக்கு மேல் தொழிலாளி உழைத்து உண்டாக்கி, முதலாளி எடுத்துக்கொள்ளும் மதிப்பு) என்றால் என்ன என்பது இதற்குப் பிறகு உறைக்கும். அதுவும் கனமாகத் தெரிந்தால், 1865இல் லண்டனில் அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பொதுக்குழு முன் அவர் ஆற்றிய 'கூலி, விலை, லாபம்' உரை போதும். சின்னப் புத்தகம்தான்.

தத்துவம் படிக்க வேண்டுமென்றால் பிளேட்டோவின் 'அப்பாலஜி'யில் தொடங்குங்கள். சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசுவது, ஒரே மாலையில் முடித்துவிடலாம். அப்புறம் டெகார்ட்டின் 'தியானங்கள்', ஆறு பகுதிகள் கொண்ட தத்துவ நூல். ரஸ்ஸலின் மேற்கத்தியத் தத்துவ வரலாற்றை (1945) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், படிக்கப் படிக்க இழுத்துப்போகும். ஆனால் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே பற்றிய அத்தியாயத்தை மட்டும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகப்போர் காலத்துக் கோபம் அதில் இருக்கிறது.

ஆடம் ஸ்மித் விஷயத்தில் தயவுசெய்து மேற்கோள் படங்களை நம்பாதீர்கள். "சுயநலமே நல்லது" என்று அவர் தலையில் கட்டுகிறார்கள். கிளாஸ்கோவில் அறவியல் பேராசிரியராக இருந்தவர் அவர். 'நாடுகளின் செல்வம்' (1776) என்ற அவ்வளவு பெரிய நூலில் 'கண்ணுக்குத் தெரியாத கை' (தன் லாபத்தைத் தேடுகிறவனையும் பொது நன்மைக்கு இட்டுச்செல்வதாகச் சொல்லப்படுவது) ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. முதல் மூன்று அத்தியாயங்களைப் படியுங்கள். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரே நாளில் 48,000 குண்டூசி செய்வதைப் பார்ப்பீர்கள். பிறகு நேரே ஐந்தாம் பகுதிக்குத் தாவி, வாழ்நாளெல்லாம் அதே ஒன்றிரண்டு வேலையைச் செய்கிறவனின் அறிவு எப்படி மழுங்கிப்போகிறது என்று அவரே எழுதியிருப்பதையும் பாருங்கள். இரண்டையும் படிக்காமல் ஸ்மித்தைப் பற்றி வகுப்பில் பேச வராதீர்கள்.

ஆங்கிலேயப் பொருளியலாளர் கெய்ன்ஸின் 'பொதுக் கோட்பாடு' (1936) சக பொருளியலாளர்களுக்காக எழுதப்பட்டது. முன்னுரையின் முதல் வரியே அதுதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1919இல் அவர் எழுதிய 'சமாதானத்தின் பொருளாதார விளைவுகள்' நூலை எடுங்கள். முதல் உலகப்போருக்குப் பிந்தைய சமாதான மாநாட்டில் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்சோவும் அமெரிக்க அதிபர் வில்சனும் பாரிஸில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதை அவர் வரைந்துகாட்டும் மூன்றாம் அத்தியாயத்தில் தொடங்கினாலும் சரிதான்.