நரம்பெடுத்த பல்லுக்குள் பதுங்கும் பாக்டீரியா

"ரூட் கெனால் செய்தபோதே நரம்பை எடுத்துவிட்டார்கள், பிறகு அந்தப் பல் எப்படி வலிக்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வலிப்பது பல்லின் உட்புறம் அன்று, வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பும் அங்குள்ள மெல்லிய நார்த்திசுவும்தான். முதல் சிகிச்சையில் கண்ணில் படாமல் போன வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாயின் ஒரு கிளையோ, மேல்மூடியில் ஏற்பட்ட கசிவோ பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுத்திருக்கலாம். அவை வெளியேற்றும் நச்சுப்பொருள்கள் நுனித் துளை வழியே கசிய, அவற்றை எதிர்த்து உடல் நடத்தும் போரே வீக்கமாகவும் சீழாகவும் வெளிப்படுகிறது.

இத்தகைய பற்களில் அடிக்கடி அகப்படுவது என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ். உணவின்றிப் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய இந்த நுண்ணுயிரின் உடல் ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். கால்வாயின் சுவரிலிருந்து, பல்லின் உட்திசுவான டென்டினுக்குள் ஓடும் நுண்குழாய்களோ சுமார் 1 முதல் 2.5 மைக்ரோமீட்டர் அகலமுள்ளவை. ஆகவே அது தாராளமாக உள்ளே புகுந்துகொள்கிறது.

அதை அழிக்க மருத்துவர் கால்வாயில் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை வைக்கிறார். அதன் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 12.5, பெரும்பாலான பாக்டீரியாக்கள் அந்தக் காரத்தில் மடிந்துவிடும். என்னை வியக்கவைப்பது இதற்குப் பின் நடப்பது. கால்வாயிலிருந்து நுண்குழாய்க்குள் பரவும், காரத்தன்மை தரும் ஹைட்ராக்சில் அயனிகளை டென்டினில் உள்ள கனிமமே வழிமறித்துப் பிடித்துக்கொள்வதால், ஆழத்தில் காரத்தன்மை கணிசமாகக் குறைந்துவிடுகிறது. எஞ்சிய காரத்தையும் அந்த பாக்டீரியா சமாளிக்கிறது: தன் செல்சவ்வில் உள்ள புரோட்டான் பம்பை இயக்கி, வெளியிலிருந்து அமிலத்தன்மை தரும் புரோட்டான்களை உள்ளே இழுத்து, செல்லின் உட்புறம் காரமாகிவிடாமல் காத்துக்கொள்கிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பிஎச் 11.1 வரை தப்பிப்பிழைத்த இந்த பாக்டீரியா 11.5இல் மடிந்தது, பம்பை வேதிப்பொருளால் முடக்கியபோது 11.1இலேயே பெரும்பகுதி அழிந்தது. நம் பல்லே எதிரிக்குக் கேடயம் பிடிக்கிறது. எஞ்சிய வேலையை எதிரியின் சிறு எந்திரம் முடித்துவிடுகிறது. புதிய மருந்துகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது இந்தப் பம்பை முடக்கும் ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வலி வந்ததும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வாங்கி விழுங்குவதால் நோய் தீராது. மாத்திரை ரத்தத்தின் வழியேதான் பயணிக்கும். உயிரற்ற கால்வாய்க்குள்ளோ ரத்தக் குழாய் இல்லை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருக்கும்போதுதான் மாத்திரைக்கு வேலை.

எனவே கட்டா பெர்ச்சா எனும் ரப்பர் போன்ற பழைய நிரப்பியை அகற்றி, கால்வாயை மீண்டும் சோடியம் ஹைப்போகுளோரைட் எனும் கிருமிநாசினியால் கழுவுவார்கள். அப்போது அல்ட்ராசவுண்ட் முனையை அதிரவிட்டால், திரவம் சுழன்று, கருவி எட்டாத இடுக்குகளில் படிந்த பாக்டீரியாப் படலத்தையும் கலைக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் ஈறைத் திறந்து வேரின் கடைசி 3 மில்லிமீட்டரை வெட்டி எடுப்பார்கள். நுனிக் கிளைகளில் பெரும்பாலானவை அதோடு போய்விடும். வெட்டிய முனையில் எம்டிஏ எனும் கலவையை அடைப்பார்கள். போர்ட்லண்டு சிமென்ட்டின் உறவான அது ஈரத்திலேயே இறுகுவதால், ரத்தம் கசியும் இடத்திலும் நிலைத்து நிற்கிறது. அதன் மேல் வேரின் புறத்திசுவான சிமென்டம் மீண்டும் வளர்கிறது. எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிந்த குழியில் எலும்பு நிரம்ப மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.