‘விரிவாக்கம்’: எதை விரிக்கிறார்கள்?

வீரவநல்லூரில் என் மாமாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனபோது, புதிதாக எழுதிய பலகை ஒன்றைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். ‘வேளாண்மை விரிவாக்க மையம்’ என்றது பலகை. அப்போது ஊரெங்கும் சாலை விரிவாக்கப் பேச்சு. யாருடைய தென்னை போகும், யாருடைய திண்ணை போகும் என்று டீக்கடையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மருமகனே, இவர்கள் எதை விரிக்கப் போகிறார்கள்?” என்றார் மாமா.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. சொல்லாராய்ச்சி செய்கிறவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

‘விரிவாக்கம்’ என்பது ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாம் கொடுத்த தமிழ். அதன் வேர் லத்தீன். ‘வெளிப்புறமாக நீட்டுதல்’ என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கல்வி மதிலுக்குள்ளேயே கிடந்தது. உள்ளே வர முடியாதவர்களுக்காக ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு நடத்தும் ஏற்பாட்டைக் கேம்பிரிட்ஜ் 1873இல் முறையாகத் தொடங்கியது. பல்கலைக்கழகம் தன் கையை மதிலுக்கு வெளியே நீட்டியது; அதனால்தான் ‘நீட்டுதல்’. அந்தச் சொல்லை அமெரிக்கா வேளாண்மைக்கு இழுத்துக்கொண்டது. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம், வேளாண் கல்லூரிகளில் கண்டறிந்ததைப் பண்ணை வீடுகள்வரை கொண்டுசேர்க்கும் பணிக்கு அரசுப் பணம் ஒதுக்கியது. இந்தியாவில் 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டமும், சரியாக ஓராண்டு கழித்துத் தேசிய விரிவாக்கப் பணியும் தொடங்கின. தமிழில் இந்தச் சொல் பலகை ஏறிய பாதை இதுதான்.

எல்லா மொழிகளும் இதை ‘நீட்டுதல்’ என்று சொல்லவில்லை. டச்சுக்காரர்களுக்கு இது முன்னே விளக்குப் பிடித்து வழி காட்டுவது. இந்தோனேசிய மொழியிலும் தீவட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் இதற்குப் பெயர் வந்திருக்கிறது. ஜெர்மானியர்களுக்கு ஆலோசனை, அரபு மொழியில் நெறிப்படுத்துதல். இந்தியில் ‘பிரசார்’ என்கிறார்கள். தமிழ்க் காதில் அது விழுந்தால், வாசலில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் வந்து நிற்கிறது.

இனி நம் ‘விரி’. பாயை விரிக்கிறோம், வலையை விரிக்கிறோம், மயில் தோகையை விரிக்கிறது. விரிப்பதற்கு முன்னால் ஒன்று சுருண்டு கிடக்க வேண்டும். பத்தமடைப் பாயை விரிக்க வேண்டுமானால் பாய் முதலில் பத்தமடையில் முடைந்து முடிந்திருக்க வேண்டும். விரிக்கிறவருக்கு முடைகிற வேலை கிடையாது. சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் நினைப்பும் அதுதான்: அறிவு ஓரிடத்தில் முழுதாகத் தயாராக இருக்கிறது, உழவர் அதில் வந்து உட்கார்ந்தால் போதும்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரி இதைத்தான் பிடித்துக்கொண்டார். நாடு கடந்து சிலியில் இருந்தபோது, நிலச் சீர்திருத்தப் பணியாளர்களோடு பழகிய அனுபவத்தில், இந்த ஒரு சொல்லையே கூண்டில் ஏற்றி 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். நீட்டுவது என்றால் கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறு பக்கம். உழவரோ வெறும் பாத்திரமாகிவிடுகிறார், உரையாடல் அங்கே நடப்பதில்லை என்பது அவர் வழக்கு.

நம் வட்டாரத்துக்கு அந்த வழக்கை அப்படியே கொண்டுவந்தால் கொஞ்சம் அநியாயமாகிவிடும். கோவில்பட்டி மானாவாரி ஆராய்ச்சி நிலையம் 1901இலும், அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இலும் வந்தவை. அம்பாசமுத்திரத்தில் பிறந்த ‘அம்பை 16’ குண்டு நெல் இல்லாமல் கார் பருவம் ஏது என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விரிக்கப்பட்ட நல்ல பாய் அது. விதை விரியும். வயலை எப்படிப் பார்ப்பது என்பது அந்த மாதிரி விரிகிற சரக்கு இல்லை.

ஒரு கார் பருவத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். உழவர்களுக்குக் கற்பிக்கப் போகிறவர்களுக்கான பயிற்சி அது. பெரும்பாலும் வேளாண் பட்டம் வாங்கிய இளையவர்கள். நாற்காலி, திரை எதுவும் இல்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்க வைத்திருந்தார்கள். நடத்தியவர் நெற்குத்து ஒன்றைக் கையால் லேசாகச் சாய்த்து, அடித்தண்டில் இரண்டு தட்டுத் தட்டினார். எள் சிந்தியதுபோலப் பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து துடித்தன. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான். கூடவே ஒரு சிலந்தியும் விழுந்தது. விழுந்த வேகத்தில் தண்ணீர்மேல் ஓடி இன்னொரு குத்தில் ஏறிக்கொண்டது.

ஒரு தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் இருந்தால் மருந்து பற்றி யோசிக்கலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் அந்தக் கணக்கு இரண்டாக ஏறிவிடும். அதாவது அந்த எட்டுக்கால் பூச்சி, உரக்கடை பில்லில் ஒரு வரியையே அடிக்க வல்லது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் நிமிர்ந்து, “இது என்ன பூச்சி தம்பி?” என்று பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவரைக் கேட்டார். அவர் பெயர் சொல்ல வாயைத் திறந்தார். நடத்தியவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு அந்தப் பெண்ணிடம், “எங்கே பார்த்தீர்கள் அக்கா? என்ன செய்துகொண்டிருந்தது?” என்றார். அவர் கொஞ்சம் யோசித்து, “சின்னதைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. மருந்தடித்தால் முதலில் சாவது இதுதான்” என்றார். அந்த இளைஞர் நான்கு ஆண்டுப் படிப்பில் வாங்கிய பதில், களைக்கூலிக்கு வந்தவரிடம் ஏற்கெனவே இருந்தது.

பிறகு வரப்பில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் படம் போட்டார்கள். நடுவில் பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறு பக்கம் நன்மை செய்வது, கீழே தண்ணீர் எவ்வளவு, யூரியா எப்போது போட்டது. மருந்து வேண்டாம், தண்ணீரை வடித்துக் காயவிடலாம் என்று முடிவானது. அடுத்த நடவில் எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

இந்த முறைக்கு ‘வயல்வெளிப் பள்ளி’ என்று பெயர். 1989இல் இந்தோனேசியாவில் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் துணையோடு தொடங்கியது. அங்கே அதற்குக் காரணமாக இருந்ததும் இதே புகையான்தான். மருந்து கூடக்கூட அதன் எதிரிகள் செத்து, புகையான் பெருகியது. அங்கே கற்பிக்க வருகிறவருக்கு ஒரு நிபந்தனை உண்டு: நாற்றங்காலிலிருந்து அறுப்புவரை ஒரு போகம் முழுக்கத் தானே பயிர் செய்து பார்த்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவரை என்னவென்று அழைப்பது? பழைய சென்னை மாகாணத்தில் ‘டெமான்ஸ்ட்ரேட்டர்’ இருந்தார். பிறகு கிராம சேவக் வந்தார். இப்போது உதவி வேளாண்மை அலுவலர். இலங்கையில் ‘விவசாயப் போதனாசிரியர்’ என்பார்கள். போதனை என்றதுமே மேடை ஏறிவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘ஃபெசிலிடேட்டர்’ என்பதற்கு ‘வசதியாளர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் வசதியாளர் என்றால் நாலு கோட்டை விதைப்பாடு நஞ்சையும் மச்சு வீடும் உள்ளவர். தயவுசெய்து வேண்டாம்.

என் ஓட்டு ‘பயிற்றுநர்’ என்ற சொல்லுக்கு. சுழல் என்பது சுழற்று ஆவதுபோல, பயில் என்ற தன்வினை பயிற்று என்று பிறவினையாகிறது. பயில் என்பதற்குப் படித்தல் மட்டும் பொருளில்லை. பழகுதல், நெருங்குதல், அடிக்கடி நிகழ்தல் எல்லாம் அதில் உண்டு. பயிற்று என்பதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்றும் அகராதி பொருள் தருகிறது. வாரந்தோறும் அதே வயலுக்கு வந்து, அதே குத்தைத் தட்டிப் பார்க்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது. அவர்களைத் தயார் செய்வது ‘பயிற்றுநர் பயிற்சி’. எழுதும்போது றன்னகரம் போட்டுப் ‘பயிற்றுனர்’ ஆக்கிவிடாதீர்கள். ஓட்டுநர், இயக்குநர்போல இதற்கும் தந்நகரம்தான்.

இதே பேச்சில் அடிபடும் இன்னும் இரண்டு சொற்கள். ‘சஸ்டெய்னபிள்’ என்பதற்கு ‘நீடித்த நிலையான’ என்று அரசு இரண்டு சொல் போடுகிறது. ‘வளங்குன்றா வேளாண்மை’ என்றால் எது குன்றக் கூடாது என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ‘சிறு விவசாயி’ என்பது இரண்டரை ஏக்கருக்கு மேல் ஐந்துவரை. இரண்டரைக்குள் அடங்குபவர் ‘குறு விவசாயி’. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நிலவுடைமையே 0.75 ஹெக்டேர்தான், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. மாமா குறு.

அந்தப் பலகையை அழிக்கச் சொல்லவில்லை. ‘வேளாண்மை’ என்பதன் பழைய பொருளை நினைத்தால் அதற்கு ஒரு நியாயமும் கிடைக்கிறது. “விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு” என்று குறள் சொல்லும் வேளாண்மை, பிறர்க்கு உதவுதல். பயிர்த்தொழிலுக்கு வள்ளுவர் வைத்த தலைப்பு ‘உழவு’. அந்தக் கணக்கில் வேளாண்மை விரிவாக்கம் என்றால் உதவியை விரிப்பது.

இதையெல்லாம் ஒருநாள் மாமாவிடம் விரிவாகச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். “கூடவே நின்று, கையைப் பிடித்துப் பழக்குகிறவர்தானே? அதற்கு அண்ணாவி என்று எழுத வேண்டியதுதானே” என்றார்.

அண்ணாவி: தென்பாண்டி வழக்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர், கூத்துப் பழக்குபவர்.