குழந்தையின் தட்டிலிருந்து எதை எடுக்கிறீர்கள்?

அப்பாவுக்குச் சர்க்கரை கூடுகிறது. நண்பர் சொன்னார் என்று, தானியம், பருப்பு, பால் எல்லாவற்றையும் விலக்கும் பேலியோ உணவுமுறையைத் தொடங்குகிறார். எடை இறங்குகிறது, சர்க்கரையும் கட்டுக்குள் வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை பிறக்கிறது. சின்னவளுக்குக் கரப்பான் என்னும் தோல் அரிப்பு, பெரியவனுக்கு ஓயாத சளி. “நாம் எல்லோருமே மாறிவிடலாமே” என்று பேச்சு வருகிறது. அரிசி, கோதுமை, பருப்பு, பால் எல்லாம் ஒரே வாரத்தில் சமையலறையை விட்டுப் போய்விடுகின்றன. குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக வேலை செய்யும் என்னிடம் அவர்கள் வருவது பல மாதங்கள் கழித்துத்தான். போன வருடம் தைத்த பள்ளிச் சீருடை இந்த வருடமும் அளவாக இருக்கிறதே என்ற கவலையோடு வருகிறார்கள்.

இந்தப் பெற்றோர் அலட்சியமானவர்கள் அல்லர். மற்றவர்களைவிட அதிகம் படிப்பவர்கள், அதிகம் மெனக்கெடுபவர்கள். அதனால்தான் அவர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: அப்பாவின் உடலுக்குக் குறைய வேண்டியது இருந்தது; குழந்தையின் உடலுக்குக் கூட வேண்டியதுதான் இருக்கிறது. இரண்டு வயதிலிருந்து பருவ வயதுவரை ஒரு குழந்தை ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோ எடையும் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரமும் கூட வேண்டும். அதற்கான பொருள் முழுவதும் தட்டிலிருந்துதான் வர வேண்டும்.

நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் ஒரு நாள் உணவை அதன் தாய் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வந்திருந்தார். காலையில் பத்து பாதாம், ஒரு முட்டை. மதியம் காலிஃபிளவரைத் துருவி வேகவைத்த ‘சாதம்’, இரண்டு சிறு துண்டு கோழி. மாலையில் அரை டம்ளர் தேங்காய்ப் பால். இரவு காய்கறி சூப், இன்னொரு முட்டை. பார்ப்பதற்குச் சத்தான பட்டியல்தான். புரதம் தேவைக்கு மேலேயே இருந்தது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் தந்த பரிந்துரைப்படி நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,360 கலோரி தேவை. இந்தத் தாளில் இருந்தது அதில் பாதி அளவுதான். கலோரி இப்படிக் குறையும்போது உடல் புரதத்தையே எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். முட்டையும் கோழியும் தசையாக, எலும்பாக மாற வேண்டியது போய், ஓடி விளையாடவே செலவாகிவிடுகின்றன. பெரியவர்களுக்கு வயிறு நிறைந்தும் எடை குறைய உதவும் சூப்பும் காய்கறியும், குழந்தையின் சின்ன வயிற்றை அதே வேகத்தில் நிரப்பி, “போதும்” என்று சொல்ல வைத்துவிடுகின்றன.

கால்சியமும் அப்படித்தான். அந்த வயதுக்கு 550 மில்லிகிராம் வேண்டும். இரண்டு டம்ளர் பாலும் தயிருமாக அதில் பெரும்பகுதி கிடைத்துவந்தது. பத்து பாதாமில் இருப்பது 30 மில்லிகிராம் அளவுதான். தேங்காய்ப் பாலில் சொற்பம். பால் இல்லாவிட்டால் கேழ்வரகாவது கைகொடுக்கும். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் அது. தானியம் என்ற ஒரே காரணத்துக்காக அதையும் நிறுத்தியிருந்தார்கள்.

சைவக் குடும்பங்கள் பாலை நிறுத்தும்போது எனக்குக் கவலை இன்னும் கூடுகிறது. சமைக்காத இயற்கை உணவு என்று பழம், தேங்காய், முளைகட்டிய பயறோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகளில் பி12 வைட்டமினுக்கு வேறு வழியே இல்லை. தாய்ப்பால் கொடுக்கும் பெண் இப்படிச் சாப்பிட்டால் கைக்குழந்தையும் சேர்ந்து பாதிக்கப்படும். குழந்தை வெளிறுகிறது, விரல் கணுக்கள் கறுக்கின்றன, சிரிப்பு குறைகிறது, தலை நின்ற குழந்தைக்கு மறுபடி தலை நிற்காமல் போகிறது. தாமதமானால் முழுவதும் மீட்க முடியாமலும் போகலாம்.

பெற்றோர் விரதம் இருந்தால் அதைத் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை வயது முதல் ஐந்து வயதுவரையுள்ள சில குழந்தைகளுக்கு நீண்ட பட்டினியில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். காலையில் எழுப்ப முடியாத சோர்வு, வாந்தி, சில நேரம் வலிப்பு. மாவுச்சத்தே இல்லாத இரவு உணவு இந்த ஆபத்தைக் கூட்டும்.

உணவே மருந்தாகும் நோய்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் சீலியாக் நோய்க்கு, அந்தத் தானியங்களை அறவே விடுவதுதான் சிகிச்சை. கோதுமைதான் காரணம் என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டிக் கண்டறிந்தவர் வில்லெம் டிக்கெ என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். ஆனால் கோதுமையை நிறுத்திய பிறகு பரிசோதித்தால் நோய் இருந்தும் முடிவு ‘இல்லை’ என்று வரக்கூடும். சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் நிறுத்தம். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு, மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு 1921 முதல் வழக்கத்தில் இருக்கிறது. அதை ஒவ்வொரு கிராமாக எடைபோட்டு, வைட்டமின்கள் சேர்த்து, சிறுநீரகக் கல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே தருகிறோம். பலன் கிடைத்த குழந்தைகளுக்கும் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக விலக்குகிறோம். நம் வீட்டுப் பத்தியமும் அப்படித்தானே இருந்தது? மருந்து முடிந்தால் பத்தியமும் முடியும். சீலியாக் போல உறுதியான நோய் ஏதும் இல்லாமல், முடிவு நாளும் இல்லாமல் ஒரு குழந்தையைப் பத்தியத்தில் வைப்பது சரியல்ல.

கரப்பானுக்காகப் பால், முட்டை, கடலை எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்துவது பல நேரம் எதிர்விளைவையே தரும். 2015-இல் வெளியான லீப் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமிருந்த 640 கைக்குழந்தைகளில் வேர்க்கடலையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை, தவிர்த்தவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவே இருந்தது. ரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை செய்து நூற்றுக்கணக்கான உணவுகளுக்குச் சிவப்பு, பச்சை நிறம் போட்டுத் தரும் அறிக்கையை நம்பி எதையும் நிறுத்தாதீர்கள். குழந்தை அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் படும் பாடு எனக்குத் தெரியும். கோதுமையும் பாலும் இல்லாத உணவு ஆட்டிசத்தைச் சரிசெய்யும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. இந்தக் குழந்தைகளில் பலர் ஏற்கெனவே ஐந்தாறு உணவுகளைத்தான் ஏற்பார்கள். அதிலிருந்து தயிர்சாதத்தையும் சப்பாத்தியையும் பறித்தால் அந்த இடத்தில் வேறெதுவும் வந்து உட்காராது. பழமும் காயும் தொடாத குழந்தை ஒன்று திடீரென்று நொண்டினால், ஈறு வீங்கினால், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டின் சாப்பாட்டை மாற்றவே கூடாதா? பிஸ்கட் பாக்கெட்டும் பாட்டில் பானங்களும் எல்லோருக்கும் நிற்கட்டும். அதில் யாருக்கும் இழப்பில்லை. மீன் குழம்பு, கீரை, முட்டை பொதுவாக இருக்கட்டும். பெரியவர்கள் தங்கள் தட்டில் சாதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தட்டில் சாதமும் பருப்பும் நெய்யும் தயிரும் இருக்கட்டும். அரிசியை ‘விஷம்’ என்று குழந்தைகள் காதுபடப் பேசாதீர்கள். பிறந்தநாள் விழாவில் கேசரியைத் தள்ளிவைத்து, “இதைச் சாப்பிட்டால் எனக்கு வியாதி வரும்” என்று அழுத யுகேஜிக் குழந்தையை எனக்குத் தெரியும். எடையை மீட்பதைவிட அந்தப் பயத்தைப் போக்கத்தான் அதிக நாள் ஆனது.

ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள், திட்டுவார்களோ என்று தயங்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். எந்தத் தேதியில் எதை நிறுத்தினீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையில் உள்ள பழைய எடை, உயரக் குறிப்புகளையும், கொடுத்துவரும் பொடி, மாத்திரை, சொட்டு மருந்து டப்பாக்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூன்று மாதமாக எடை கூடவில்லை என்றால் அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். காலையில் எழுப்ப முடியாத மயக்கமோ வலிப்போ வந்தால் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.