ஈரக்காற்றும் அட்டை மாடலும்: வெட்டும் முன்பே கெட்டுப்போகும் வேலை

மடிப்பு நேராக விழவில்லை, மூலைகள் பொருந்தவில்லை, ஒட்டிய இடம் நெளிகிறது. அட்டை மாடலில், அதாவது அச்சிட்ட தாளை வெட்டி, மடித்து, ஒட்டி உருவம் செய்யும் வேலையில், புதிதாக இறங்கியவர்கள் இதைப் பார்த்ததும் தங்கள் கையைத்தான் குறை சொல்கிறார்கள். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் பெரும்பாலான பிழை கத்தரியை எடுக்கும் முன்பே, ஜெராக்ஸ் கடையிலோ தாள் வைத்திருந்த அலமாரியிலோ நடந்து முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது மாடலைத் தொடவே மாட்டார்கள்.

முதலில் அளவு. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட பாம்பன் புதிய ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். கப்பலுக்கு வழிவிட மேலே உயரும் அதன் தூக்குப் பகுதி 72.5 மீட்டர். 1:200 அளவில், அதாவது இருநூறில் ஒரு பங்காகச் செய்தால் 362.5 மி.மீ. வரும். ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. தான் என்பதால் இரண்டு துண்டாக அச்சிட்டே ஆக வேண்டும். ஒரு துண்டு சரியான அளவிலும் மற்றது தாளுக்குள் அடங்கும்படி அளவை மாற்றும் ‘ஃபிட் டு பேஜ்’ என்ற தேர்விலும் அச்சாகிவிட்டால் மாடலே போச்சு. இணையத்தில் கிடைக்கும் மாடல்களில் பல, அமெரிக்க லெட்டர் தாளுக்காக (216 × 279 மி.மீ.) வரையப்பட்டவை. ஏ4 தாளுக்குள் அடக்கும்போது சுமார் 97 சதவீதமாகச் சுருங்கும், சில பிரிண்டர்களில் இன்னும் கீழே போகும். 181 மி.மீ. இருக்க வேண்டிய பாதித் துண்டு சுமார் 5 மி.மீ. குறைந்துவிடும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால்கூடச் சமாளிக்கலாம். கெட்டுப்போன ஒரு பக்கத்தை மட்டும் மறுநாள் இன்னொரு கடையில் அச்சிடும்போதுதான் சிக்கல் வருகிறது.

கடைக்காரரிடம் ‘ஆக்சுவல் சைஸ், 100 சதவீதம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஃபைலை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். கோடுகள் மங்கும், அளவும் தொலையும். பிடிஎஃப் ஆக, ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். பக்கத்தில் அளவுக்கோடு இல்லையென்றால் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என்று 100 மி.மீ. கோடுகளை நீங்களே சேர்த்துவிடுங்கள். அச்சான தாளைக் கடையிலேயே ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். 99 காட்டினால் ஒரு சதவீதம் குறைந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது தாள். தொடக்கத்துக்கு 160 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) உள்ள, பளபளப்பில்லாத மேட் தாள் போதும். போட்டோ பேப்பர் வேண்டாம். அதன் பளபளப்பான பூச்சு மடிப்பில் வெடிக்கும், பசையும் பிடிக்காது. ஜிஎஸ்எம்மைவிட முக்கியமானது தாளின் இழை ஓடும் திசை. 15 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளை, ஒன்றைத் தாளின் நீளவாக்கிலும் மற்றதை அகலவாக்கிலும் வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக அடுக்கி ஒரு முனையைப் பிடித்து நீட்டுங்கள், பிறகு மேல் கீழாக மாற்றிப் பிடியுங்கள். ஒரு நிலையில் இரண்டும் ஒட்டி நிற்கும், மறு நிலையில் கீழ்ப்பட்டை தனியாகத் தொங்கும். அப்படித் தொங்குவது இழைக்குக் குறுக்கே வெட்டியது. கலங்கரை விளக்கம் போன்ற உருளையைச் சுருட்டும்போது இழை அதன் உயரத்தோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வட்டமாக வராமல் முறிந்து முறிந்து, பல பட்டையாக நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்த தாள்கட்டின் ஓரத்தைப் பாருங்கள். நடுப்பகுதி தட்டையாக இருக்க, ஓரம் மட்டும் அலை அலையாக நெளிந்திருக்கும். ஓரம் முதலில் ஈரத்தைக் குடித்து விரிந்துவிட்டது. இழைக்குக் குறுக்கே விரிவு அதிகம் என்பதால் தாள் சமமாக விரியாது. இந்தத் தாளை லேசர் பிரிண்டரில் விட்டால் உள்ளே இருக்கும் சூட்டில் சுருங்கி, வெளியே வந்ததும் மறுபடி விரியும். எல்லாப் பக்கங்களையும் ஒரே நாளில், ஒரே கட்டுத் தாளில் அச்சிட்டு, ஓரிரு மணி நேரம் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்த பிறகு வெட்டுங்கள். மீதித் தாளை ஜிப் கவரில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

தடித்த தாளில் லேசர் மை உதிர்ந்தால், பிரிண்டர் அமைப்பில் தாள் வகை ‘திக்’ என்று மாற்றப்படவில்லை. மை உருகி ஒட்டச் சூடு போதவில்லை. இங்க்ஜெட்டில் தாள் சிக்கினால் பின்பக்கத் தட்டு வழியாகக் கொடுங்கள், வளைவு குறைவு. இங்க்ஜெட் அச்சை ஒரு நாள் உலரவிட வேண்டும். சாய மை ஃபெவிகாலின் ஈரத்திலேயே கசியும்.

ஃபெவிகாலில் தண்ணீர் கலப்பது இங்கே பரவலான பழக்கம். நெளிவுக்கு முதல் காரணம் அதுதான். கலக்காமல், பல்குச்சி நுனியில் எடுத்து மெல்லிய படலமாகத் தடவுங்கள். அரை நிமிடம் விட்டு, லேசாகப் பிசுபிசுக்கும்போது சேர்த்து அழுத்துங்கள். மழைக்காலத்தில் இன்னும் சற்று நேரம் பிடிக்கும். அச்சுத்தாளைத் தடித்த அட்டைமேல் ஒட்டினால், காயும்போது தாள் சுருங்கி அட்டையைத் தன் பக்கம் வளைக்கும். பின்புறமும் அதே எடையுள்ள வெற்றுத்தாளை, அதே இழைத் திசையில் ஒட்டி, இரவு முழுவதும் பாரம் வையுங்கள்.

மடிப்புக்கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்தால் போதும். பிளேடால் கீறினால் வெள்ளை தெரியும். தெரிந்துவிட்டால் கலர் பென்சிலால் தேய்த்து மறைக்கலாம். ஸ்கெட்ச் பேனா ஈரத்தில் பரவும் என்பதால் அதைத் தொட வேண்டாம்.

நுனி ஒடிக்கும் கட்டர் பிளேடைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறும், துருக்கறை வெட்டிய ஓரத்தில் பழுப்பாக ஒட்டும். வேலை முடிந்ததும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள், அடுத்த முறை சுத்தமாகத் துடைத்த பிறகே தாளில் வையுங்கள். வெட்டும்போது ஓரம் பஞ்சாகப் பிய்ந்தால் நுனியை ஒடித்துப் புதுமுனைக்கு மாறுங்கள்.

முடித்த மாடலுக்குப் பாதுகாப்புப் பூச்சாக லாக்கர் ஸ்ப்ரே அடிக்க நினைத்தால், மழை பெய்யும் நாளிலும் வாடைக்காற்று ஈரமாக வீசும் நாளிலும் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும், அச்சின்மேல் வெண்மையாகப் பால் படிந்ததுபோல ஆகிவிடும். நல்ல வெயில் நாளில் காலை 11 மணிக்குப் பிறகு, காற்றோட்டமான நிழலில், 25 செ.மீ. தள்ளி நின்று மெல்லியதாக இரண்டு முறை அடியுங்கள்.