முதன்மை வேலையளிப்பவர்

சம்பளம் வராத மாதத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “உன்னை வேலைக்கு எடுத்தது காண்ட்ராக்டர், அவரிடம் போய்க் கேள்.” இந்தப் பதில் செல்லாது என்று சொல்வதற்காகவே இந்தியச் சட்டத்தில் ‘பிரின்சிபல் எம்ப்ளாயர்’ என்ற சொல் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் இடம்பெற்ற இச்சொல், 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் மையச் சொல்லானது. ஆளைக் கூட்டி வருபவர் ஒப்பந்ததாரர்; அந்த ஆளின் உழைப்பைப் பெறுகிறவர் பிரின்சிபல் எம்ப்ளாயர். தொழிற்சாலையென்றால் அதன் உரிமையாளர், அரசு அலுவலகமென்றால் அதன் தலைவர்.

‘பிரின்சிபல்’ என்பதற்கு லத்தீன் மூலத்தில் முதலிடத்தில் இருப்பது என்று பொருள். ‘எம்ப்ளாய்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் வேரான ‘இம்ப்ளிகாரே’ உள்ளே மடித்துச் சேர்த்தலை, சிக்கவைத்தலைக் குறிக்கும். குற்றத்தில் ஒருவருக்குத் தொடர்பு காட்டும் ‘இம்ப்ளிகேட்’டும் இதே வேரில் பிறந்ததுதான்.

தமிழில் ‘முதலாளி’ என்று எழுதினால் பொருள் கெடும். முதலாளி முதல் போட்டவர். தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடும் மாநகராட்சியில் யாரும் முதல் போடவில்லை. பொறுப்பு மட்டும் இருக்கிறது. ஆகவே ‘முதன்மை வேலையளிப்பவர்’ என்பதே சரி.

1970 சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொன்னதைத் தொழிலாளர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும் என்பேன். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ முதன்மை வேலையளிப்பவர் அதைக் கொடுத்தாக வேண்டும். பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். கூலி கொடுக்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி உடனிருந்து, ‘என் முன்னிலையில் வழங்கப்பட்டது’ என்று பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும் என்பது அச்சட்டத்தின் கீழ் விதியாக இருந்தது. ஆள் வராமலே போடப்பட்ட கையொப்பம் பொய்ச் சான்று. வருங்கால வைப்பு நிதிச் சந்தாவுக்கும் முதன்மை வேலையளிப்பவர்தான் பொறுப்பு. 1970 சட்டத்தின் இடத்துக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டத்திலும் கூலிப் பொறுப்பு அப்படியே நீடிக்கிறது.

வேலை நிரந்தரம் வேறு விஷயம். ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001-இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒப்பந்தமே வெறும் போர்வை என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் அவர்கள் நிறுவனத்தின் ஆட்களே. அதற்கு, நாள்தோறும் வேலை ஏவியது யார், விடுப்பு கொடுத்தது யார், தண்டித்தது யார் என்பதற்கான தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டும்.