இழுக்க இழுக்க மூடும் வலைக்கண்

பூண்டு விற்கும் வலைப்பை ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். டைமண்ட் வடிவக் கண்கள் ஒடுங்கி வெறும் கோடுகளாகிவிடும். இறால் பிடிக்கும் இழுவலையின் சிக்கலில் பாதி இந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது.

விசைப்படகின் பின்னால் இரும்பு வடத்தில் இரண்டு கனத்த பலகைகள் போகும். சாய்த்துக் கட்டியிருப்பதால், காற்று பட்டத்தைத் தள்ளுவது போலத் தண்ணீர் அவற்றை வெளிப்பக்கம் தள்ளும். வலையின் வாய் விரிந்தே இருப்பது அதனால்தான். மேல்கயிற்றில் மிதவைகள், அடிக்கயிற்றில் சங்கிலியோ ஈயமோ இருக்கும். சேற்றில் பதுங்கிய இறால், அடிக்கயிறு உரசியதும் வாலைச் சுண்டித் துள்ளி நேராக வலைக்குள் விழும். மீன்கள் அப்படியல்ல. வாய்க்கு முன்னால் வலையின் வேகத்துக்கே கொஞ்ச நேரம் நீந்திப் பார்க்கும். களைத்ததும் உள்ளே போய்விடும். எல்லாம் கடைசியில், வலையின் வால்முனையில் உள்ள மடி என்னும் பையில் சேரும்.

மடியில் பிடிபட்டவை ஏற ஏற இழுவிசை கூடும், கண்கள் ஒடுங்கும். கரையில் வைத்து அளக்கும் கண்ணளவு ஒன்று, கடலுக்கடியில் மீன்குஞ்சு எதிர்கொள்ளும் இடைவெளி இன்னொன்று. தப்பியிருக்க வேண்டிய பொடியெல்லாம் உள்ளேயே நசுங்கும்.

குமரி மாவட்டத்துக் களியக்காவிளைச் சந்தைக்கு வரும் கரிக்காடி இறாலுக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை என்றே நினைக்கிறேன். இறாலின் ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான். அதற்குள் ஒரு பெண் இறால் பல்லாயிரம் முட்டை இட்டுவிடும். வெள்ளை இறால் போல இளம்பருவத்தைக் காயலில் கழிக்க வேண்டிய கட்டாயமும் கரிக்காடிக்கு இல்லை, வாழ்நாள் முழுக்கக் கடல்தான். ஆனால் அதே மடியில் திருக்கையும் வருகிறது. அது பருவம் எய்தவே சில வருடங்கள் ஆகும், ஈனுவதும் விரல்விட்டு எண்ணும் குட்டிகளே. தூத்தூர்க்காரர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை, திருக்கையின் உறவான சுறாவின் வேட்டையில் பெயர் எடுத்தவர்கள் அவர்கள்.

கேரளத்தில் 1988-இல் மழைக்கால இழுவலைத் தடை தொடங்கியதிலிருந்து விசைப்படகுக்காரர்கள் சொல்லிவரும் வாதமும் இறாலின் குறுகிய ஆயுளை ஒட்டியதுதான்: கரிக்காடி நன்றாகக் கிடைப்பதே மழைக்காலத்தில், பிடிக்காவிட்டால் அது தானாகச் செத்துப்போகும். இறாலை மட்டும் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் பல மீன்கள் முட்டையிடும் காலமும் அதுவே. இப்போது கேரளத்தில் தடை 52 நாள். தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் 61 நாள். ஜூன் தொடக்கத்தில் தேங்காய்ப்பட்டணத்தில் படகுகள் கட்டிக்கிடக்கும்போது, கொல்லம் சக்திகுளங்கரையில் இன்னும் படகுகள் மீன் இறக்கிக்கொண்டிருக்கும். ஏன் இந்த ஒன்பது நாள் வித்தியாசம்? மீனுக்கு நிச்சயம் புரியாது.

வலையில் சிக்கும் ஆமையின் விவகாரம் தனி. மடிக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைத்தால், கம்பிகளுக்கு இடையே இறால் போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டி, அங்குள்ள திறப்பு வழியே வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றபடி ஒன்றை வடிவமைத்தது. பெரும்பாலான படகுகளில் அது இல்லை. அதனால் 2019-இல் அமெரிக்கா இந்தியாவின் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. பண்ணை இறாலுக்குத் தடை இல்லை.

சரி, பொடிமீனுக்கு என்ன வழி? அதே வலையை 45 பாகை திருப்பிப் பொருத்தினால் கண்கள் சதுரமாக நிற்கும். இழுவிசையை நீளவாக்கில் ஓடும் நூல்கள் தாங்கிக்கொள்வதால் கண் மூடாது. மடியில் சதுரக் கண் வேண்டும் என்பது கேரளத்தின் விதி. 12 செ.மீ.க்குக் குறைந்த கிளிமீனைப் பிடிப்பதும் அங்கே குற்றம்.

வலையைத் திருப்பிக் கட்ட அதிகச் செலவில்லை. ஆனால் அந்தக் கண் வழியே நழுவிப்போகக்கூடிய பொடிமீனை மீன்மாவு ஆலைகள் எடைபோட்டு வாங்குகின்றன. டீசல் காசில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வருகிறது.