ஒப்படைப்புக் கோப்பில் வராத விஷயங்கள்

ராஜினாமா கடிதம் கொடுத்த சில நாட்களிலேயே பல அலுவலகங்களில் ‘கே.டி.’ (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது தெரிந்ததை அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பது) தொடங்கிவிடும். பல வருடங்களாக ஒரே பொறுப்பைப் பார்த்தவர், நோட்டீஸ் பீரியட் முடிவதற்குள் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் போக வேண்டும். ஸ்லைடுகள் தயாராகும், கூட்டங்கள் பதிவாகும், செக்லிஸ்டில் கையெழுத்தும் விழுந்துவிடும்.

பணிமுறைகளை ஆய்வு செய்வது என் வேலை என்பதால் இந்தக் கோப்புகளை நிறையப் புரட்டுகிறேன். எந்தத் திரையில் எதை அழுத்த வேண்டும் என்பது பிசகில்லாமல் இருக்கும். மாதக் கடைசி அறிக்கை தப்பாக வந்தால் போகிறவர் முதலில் எங்கே பார்ப்பார், யாரைக் கூப்பிட்டால் காரியம் நடக்கும், போன முறை எதைச் செய்து பார்த்துக் கைவிட்டார்கள் என்பதெல்லாம் இருக்காது. அவர் மறைத்தார் என்று அர்த்தமில்லை. வேலையில் ஊறியவருக்கு, தனக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதே யாராவது கேட்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

ஒரே நிறுவனத்துக்குள் ஒரு நல்ல நடைமுறை ஏன் பரவுவதில்லை என்று ஆராய்ந்த காப்ரியேல் சுலான்ஸ்கி 1996-ல் வெளியிட்ட முடிவு, நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்தோடு ஒத்துப்போகவில்லை. பகிர மனமில்லாததைவிடப் பெரிய தடைகள் வேறு. கற்றுக்கொள்பவருக்கு அதை உள்வாங்கும் அடித்தளம் இல்லை; அந்த முறை ஏன் பலன் தருகிறது என்பது தெளிவாகவில்லை; இரு தரப்புக்கும் சுமுகமான உறவு இல்லை. ‘பகிர்வோம், வளர்வோம்’ போஸ்டர் இதில் எதைத் தீர்க்கும்?

ஜெராக்ஸ் நிறுவனத்தில் நடந்தது இதைவிட சுவாரசியம். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்களோடு 1980-களில் சுற்றிய மானுடவியலாளர் ஜூலியன் ஓர், கையேடு கைவிடும் இடங்களில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் கதைகளே வேலையை நடத்துகின்றன என்று கண்டார். சாப்பிட உட்காரும்போது ஒருவர் தன்னைப் படுத்திய இயந்திரத்தைப் பற்றிப் பேசுவார். இன்னொருவருக்குத் தன் பழுதுக்கு வழி கிடைக்கும். மேலிருந்து பார்த்தால் அது வெட்டி அரட்டை. 1990-களில் இதே குறிப்புகளைச் சேர்க்க ‘யுரேகா’ என்ற ஏற்பாடு வந்தது. ஒருவர் அனுப்பும் குறிப்பைச் சக ஊழியர்களே சோதித்து, சரி என்றால் அனுப்பியவர் பெயரோடு வெளியிடுவார்கள். குறிப்புக்குப் பணம் தரலாம் என்று நிர்வாகம் நினைத்தபோது, அதை வடிவமைக்க உதவிய பழுதுபார்ப்பவர்களே எதிர்த்தார்கள். காசு என்று வந்தால் எண்ணிக்கை பெருகும், தரம் போய்விடும் என்பது அவர்கள் கவலை. மாதத்துக்கு இத்தனை யோசனை என்று இலக்கு வைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை புரியும்.

புதுமை இந்தப் பேச்சில்தான் முளைக்கிறது. 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் உருவாக்கிய பசை சரியாகப் பிடிக்கவே இல்லை. அதைத் தூக்கிப் போடாமல் நிறுவனத்துக்குள் பலரிடமும் விளக்கிக்கொண்டே இருந்தார். 1974-ல் சக ஊழியர் ஆர்ட் ஃப்ரைக்கு, தேவாலயப் பாட்டுப் புத்தகத்திலிருந்து நழுவாத அடையாளச் சீட்டு தேவைப்பட்டபோது அந்தப் பசை ஞாபகம் வந்தது. அப்படிப் பிறந்த, ஒட்டி எடுக்கக்கூடிய போஸ்ட்-இட் சீட்டு 1980-ல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. தோற்ற சோதனை என்று சில்வர் வாயை மூடியிருந்தால் ஃப்ரைக்கு அது தெரியவே வந்திருக்காது.

ஆனால் தோல்வியைப் பேசினால் அப்ரைசலில் மார்க் குறையும் என்றால் யார் பேசுவார்? பக்கத்து இருக்கைக்காரரோடு ரேங்க் போட்டு ஒப்பிட்டுவிட்டு, அவருக்கே கற்றுக்கொடு என்பதும் நியாயமில்லை. மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கிய குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்ததைக் கண்டார். அங்கே பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம்.

கே.டி. விஷயத்தில் நான் சொல்வது இதுதான்: போகிறவர் விளக்குவதைக் குறைத்து, வருகிறவரை வேலையைச் செய்ய விடுங்கள், போகிறவர் பக்கத்தில் இருக்கட்டும். திணறும் இடத்தில் கேள்வி வரும், அந்தக் கேள்வியும் பதிலும்தான் கோப்பில் ஏற வேண்டியவை. கைவிட்ட முயற்சிகளுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கி, எப்போது, ஏன் கைவிட்டோம் என்று எழுதச் சொல்லுங்கள். பட்ஜெட் இல்லாததால் நின்றதா, தொழில்நுட்பம் அன்று போதாததால் நின்றதா என்பது தெரிந்தால், அடுத்து வருபவர் அதை மறுபடி கையில் எடுக்கலாமா என்று முடிவு செய்ய முடியும்.